பெட்டியைப் போகிறவரே பிடிக்க வேண்டும்

சிறப்புப் பள்ளி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் இதுவரை யாரும் சொல்லியிருக்காத ஒன்றை நான் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தொண்டு செய்ய வருகிற பிள்ளைகளைப் பார்த்து உங்களுக்குப் பொறாமை வரும். லேசாக இல்லை, நன்றாகவே வயிறு எரியும். வந்தால் பயந்துவிடாதீர்கள். எனக்கு வந்தது. ஓய்வு பெற்று மேனாம்பேட்டு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்திலும் அது முழுசாகப் போகவில்லை.

ஏன் வராது, சொல்லுங்கள். நாம் காலையில் ஷேர் ஆட்டோ, ரயில், பஸ் என்று மூன்று வண்டி மாறி வியர்த்து வழிந்து வந்து சேருவோம். அவர்கள் மாடி அறையிலிருந்து தலையை உலர்த்திக்கொண்டே இறங்கி வருவார்கள். பிள்ளைகள் நம்மைத் தாண்டி ஓடிப் போய் அவர்கள் காலைக் கட்டிக்கொள்ளும். நமக்குத் தெரியும், அந்தப் பிள்ளையை ஓட வைக்க நாம் எத்தனை வருஷம் முட்டி தேய உட்கார்ந்திருந்தோம் என்று. வீட்டை அஸ்திவாரத்திலிருந்து கட்டியது நாம். மொட்டைமாடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது அவர்கள்.

நான் வேலை பார்த்த மையம் பூந்தமல்லி–ஆவடி சாலையில் ஒரு சந்துக்குள், ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தது. ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் நடத்தியது. பேச்சு வராத பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் காலையில் வேனில் வந்து சாயங்காலம் வேனில் போவார்கள். நான் இந்துதான். ஆனால் தினமும் ஜெபப் பாட்டு பாடிப் பாடி, வீட்டில் முருகனுக்குப் பாட வாயைத் திறந்தாலும் அந்த ராகத்தில்தான் வரும். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

அங்கே வந்தவள்தான் இங்கிரிட். நார்வேக்காரி. படிப்பை முடித்துவிட்டு, அவர்கள் ஊர்ச் சபை மூலமாக ஒரு வருஷத் தொண்டுக்கு வந்திருந்தாள். வந்த மூன்றாவது மாதமே தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ஆயாவிடமும் வேன் டிரைவரிடமும் கற்ற தமிழ். ஒரு நாள் எங்கள் இயக்குநர் மேடத்தைப் பார்த்து, "இன்னா மேடம், துன்னீங்களா?" என்று கேட்டாள். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நானும் அதே மேடத்திடம் தினமும் "சாப்பிட்டீர்களா" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளும் யாரும் என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னதில்லை.

அது போகட்டும். பர்வீன் விஷயத்துக்கு வருகிறேன்.

பர்வீனுக்கு அப்போது ஒன்பது வயது. பூந்தமல்லியிலிருந்து வருவாள். அப்பா மெத்தை தைப்பவர். அம்மா மும்தாஜ் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். பர்வீனுக்குப் பேச்சு கிடையாது. யாராவது தொட்டால் ஆகாது. தலையில் சீப்பு வைத்தால் ஊரே கூடிவிடும், அப்படி ஒரு அலறல். அவளை என் பக்கத்தில் உட்கார வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. என் விரல் அவள் முழங்கையில் படுவதைப் பொறுத்துக்கொள்ள இன்னொரு வருஷம். சீப்பு மட்டும் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் நான் உள்ளே நுழைகிறேன், பர்வீன் ரெட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் இங்கிரிட் வாயில் ரப்பர் பேண்டைக் கவ்விக்கொண்டு, "பாருங்க டீச்சர், சொம்மா குந்திகினு கீறா!" என்கிறாள். ஆயா கை தட்டுகிறாள். மேடம் போனில் படம் எடுக்கிறார். நானும் கை தட்டினேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷத்தில் நிற்கவில்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு நான் அவளை உற்றுக் கவனிக்க ஆரம்பித்தேன். ஏதாவது தப்பு செய்யமாட்டாளா என்றுதான். அவள் தப்பே செய்யவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வருஷம் முடிந்து அவள் கிளம்புகிற நேரம் நெருங்கியது. இங்கேதான் உண்மையான சிக்கல். எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாலண்டியர் கிளம்பும் நாளில் பெரிய ஹாலில் ஜெபம், பாட்டு, கேக், பொன்னாடை, ஆளுக்கு நாலு வார்த்தை. அதெல்லாம் முடிந்ததும் பிள்ளைகளைத் தூங்கும் அறைக்கு அனுப்பிவிடுவோம். அவர்கள் கண் அசந்த நேரம் பார்த்து வாலண்டியர் காரில் ஏறிப் போய்விடுவார். பிள்ளைகள் அழக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

இங்கிரிட்டுக்கு முன்னால் வந்திருந்த ஒரு பையனும் அப்படித்தான் போனான். அவனோடும் பர்வீன் ஒட்டிக்கொண்டிருந்தாள். தூங்கி எழுந்து தேடினாள். மறுநாள் வேன் வந்து நின்றது. அவள் இறங்க மாட்டேன் என்றாள். அதற்கு மறுநாளும் அப்படியே. தன் மணிக்கட்டைத் தானே கடித்துக் கடித்துத் தோல் கன்றிப்போயிற்று. ஒரு பருவம் முழுக்க அவள் வீட்டிலேயே கிடந்தாள். திரும்ப வந்தபோது, உட்காருவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

இங்கிரிட் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் மும்தாஜ் என்னைத் தேடி வந்தாள். வேன் பக்கத்தில் நின்றே பேசினாள்.

"டீச்சர், இவங்க அத்தா கண்டிசனா சொல்லிட்டாரு. போன தபா மாரி இன்னொரு தபா ஆச்சுன்னா அவ்ளோதான், ஊட்லயே கெடக்கட்டும், அனுப்பாதன்றாரு. நான் இன்னா செய்வேன்? இங்க வந்தாதான் அவ மனுசியா கீறா."

"தூங்குறப்ப அனுப்பிடலாம்னு மேடம் சொல்றாங்க," என்றேன், அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்க.

மும்தாஜ் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "வோணாம் டீச்சர். எங்கம்மா மௌத்தானப்போ நான் சின்னப் பொண்ணு. பயந்துக்குவேன்னு பக்கத்து ஊட்ல கொண்டும்போயி உட்டுட்டாங்க. வந்து பாத்தா அம்மா இல்ல. இன்னிக்கும் வாசல்ல யாராவது வந்தா, அம்மாதானோன்னு ஒரு நிமிசம் தோணுது. இவ பாக்கட்டும். போறவங்க போறத கண்ணால பாக்கட்டும்."

அன்று ரயிலில் நெரிசலில் நின்றுகொண்டே யோசித்தேன். பேச்சு புரியாத பிள்ளைக்கு, 'இவள் இனி வரமாட்டாள்' என்பதை எப்படிச் சொல்வது?

உங்களுக்கு நம் படப்பட்டை தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு நீளத் துணி. அதில் அன்றைய நாள் படங்களாக ஒட்டியிருக்கும்: ஜெபம், மணி கோர்ப்பது, சாப்பாடு, ஊஞ்சல், வேன். யார் கூட இருப்பார்கள் என்பதற்கு அவர்கள் படமும் மேலே இருக்கும். ஒரு வேலை முடிந்தால் பிள்ளையே படத்தை உரித்து நீலத் தட்டில் போட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் தட்டிவிட வேண்டும். முடிந்தது என்று அர்த்தம். மறுநாள் தட்டிலிருந்து படங்கள் திரும்பச் சுவருக்கு வரும்.

ஆனால் திரும்ப வராதவைக்கு என்று எங்களிடம் ஒரு சிவப்புப் பெட்டியும் இருந்தது. பிள்ளைக்கு ஒன்று. மூடியில் நீளமாகக் கீறிவிட்ட பழைய ஐஸ்கிரீம் டப்பா, அவ்வளவுதான். பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடுகிற சீசாப் பலகை உடைந்தபோது அதன் படம் அதற்குள் போயிற்று. பழைய வேனை விற்றபோது அந்த வேன் போயிற்று. பர்வீன் சீசா இருந்த இடத்தில் போய் நின்று கத்தினால், சிவப்புப் பெட்டியைக் காட்டுவோம். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு வந்துவிடுவாள்.

இங்கிரிட்டின் படத்தைச் சிவப்புப் பெட்டியில் பர்வீன் கையாலேயே போட வைப்பது என்று முடிவு செய்தேன். இங்கிரிட் கண்ணெதிரே போட வேண்டும். பிறகு இங்கிரிட் கேட்டைத் தாண்டிப் போவதை அவள் பார்க்க வேண்டும்.

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, ஒடைஞ்ச சீசா போற டப்பால ஒரு ஆளைப் போடுறதா? வெளியூர்லேர்ந்து சபை ஐயரெல்லாம் வர்றாங்க, பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"பர்வீன் என்ன நினைப்பான்னு பாருங்க மேடம்," என்றேன். அன்றைக்கு எனக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. மும்தாஜ் சொன்னதையும் அவள் வீட்டுக்காரர் சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். மேடம் அரைமனதோடு சரி என்றார்.

இப்போது உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முடிவு சரியான முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த முடிவை நான் எடுத்தது பர்வீனுக்காக மட்டும் இல்லை. அந்தப் படம் டப்பாவுக்குள் விழுகிற சத்தத்தைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அவள் போகிறவள், நான் இருக்கிறவள் என்று பர்வீன் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தது. நல்ல முடிவுக்குப் பின்னால் எப்போதும் நல்ல மனசுதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். முடிவைத் தனியாக எடை போடுங்கள், மனசைத் தனியாக.

அந்த நாள் வந்தது. ஹாலில் எல்லாம் வழக்கப்படி நடந்தது. இங்கிரிட் பொன்னாடையோடு நின்று, "உங்கள எல்லாம் உட்டுட்டுப் போறது பேஜாரா கீது," என்றாள். வந்திருந்த பெரியவர்கள் சிரித்தார்கள், பிறகு கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் இங்கிரிட்டும் பர்வீனும் வகுப்பறைக்கு வந்தோம். மேடம் வாசலில் நின்றார். வெளியே ஏர்போர்ட் கார் தயாராக இருந்தது. இங்கிரிட் அப்போதே விசும்ப ஆரம்பித்திருந்தாள்.

"அழுவதாக இருந்தால் காரில் ஏறி அழு. இப்ப இல்லை," என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

பர்வீனைப் பட்டையிடம் அழைத்துப் போனேன். இங்கிரிட்டின் படத்தைத் தொட்டுக் காட்டினேன். உரித்தாள். சிவப்புப் பெட்டியை நீட்டினேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். சீசாவுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும். படத்தைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அறையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். சுவரோரமாகவே நடந்தாள். நான் பெட்டியோடு பின்னாலேயே போனேன். நான் நெருங்க நெருங்க அவள் வேகமாக நடந்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மணிக்கட்டைக் கடிப்பதற்கு முன்னால் வருகிற சத்தம் அது.

வெளியிலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்: "மேடம், பைபாஸ்ல செம டிராபிக்காம், லேட்டாயிடப் போவுது!"

மேடம் கையைக் காட்டினார். "படம் அவகிட்டயே இருக்கட்டும், விடுங்க. நீ கிளம்பு இங்கிரிட்." இங்கிரிட் பர்வீனைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தாள்.

"தூக்காதே!" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

தூக்கினால் எல்லாம் முடிந்துவிடும். பிறகு பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். படத்தைக் கொடுத்துவிட்டால், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நாளைக்கும் அடுத்த மாதமும் இங்கிரிட்டைத் தேடுவாள். வேனைவிட்டு இறங்க மாட்டாள். அவள் அப்பா சொன்னதைச் செய்துவிடுவார். நான் அறை நடுவில் நின்றேன். என் கை இன்னும் பெட்டியை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையைப் பார்த்தேன். கடைக்காரர் மீதிச் சில்லறை தருவதற்குள் நாம் நீட்டுவோமே, அப்படி நீண்டிருந்தது.

பர்வீனுக்குப் பேச்சு புரியாது. கை புரியும். என் கை அவளிடமிருந்து இங்கிரிட்டைப் பிடுங்க வருகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது உண்மையும்கூட.

பெட்டியை இங்கிரிட்டிடம் கொடுத்தேன். கொடுக்க மனசே இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இரண்டு வாரமாகக் காத்திருந்தேன். ஆனாலும் கொடுத்தேன். "உட்கார். கூப்பிடாதே. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இரு," என்று சொல்லிவிட்டுச் சுவரோடு ஒதுங்கிக்கொண்டேன்.

இங்கிரிட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கார் ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை. பர்வீன் இன்னும் ஒரு சுற்று நடந்தாள். அடுத்த சுற்றில் வேகம் குறைந்தது. இங்கிரிட்டுக்கு முன்னால் வந்து நின்றவள், இங்கிரிட்டின் முகத்தைப் பார்க்காமல், பின்னலில் இருந்து வழிந்த முடியைப் பார்த்தாள். படத்தைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். கீறலில் நுழைத்தாள். பாதி போனதும் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள்.

தட் என்று விழுந்தது. நான் ஆசைப்பட்ட சத்தம்தான். இன்னொரு முறை கேட்கத் தோன்றவில்லை.

பர்வீன் உள்ளங்கைகளைத் தட்டினாள். இங்கிரிட்டும் தட்டினாள். பிறகு எழுந்து, நான் சொல்லிவைத்திருந்தபடி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். பர்வீன் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு, கார் திரும்புகிற வரை பார்த்தாள். அதற்கப்புறம் அழுதாள். நிறைய அழுதாள். ஆனால் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அழுகிற மாதிரி, கண்ணீரும் மூக்குமாக அழுதாள்.

திங்கட்கிழமை வேன் வந்தபோது நானும் மேடமும் கேட்டிலேயே நின்றோம். கதவு திறந்தது. பர்வீன் இறங்கினாள். நேராகப் பட்டையிடம் போனாள். காலி இடத்தைத் தொட்டாள். சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு மணி கோர்க்கப் போய்விட்டாள். சாயங்காலம் மும்தாஜ் போன் செய்து, "இவ அத்தா ஒண்ணும் சொல்லல டீச்சர். நாளைக்கும் அனுப்பறேன்," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அதிலிருந்து எங்கள் மையத்தில் அதுவே முறையாயிற்று. யார் போனாலும், வாலண்டியரோ டிரைவரோ, பிள்ளை விழித்திருக்கும்போது போக வேண்டும். பெட்டியைப் போகிறவரே பிடிக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், போகிறவர் சார்பில் அந்தப் பெட்டியை வாங்கி நீட்டாதீர்கள். நடுவில் நிற்பவர் கை எப்போதும் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். என் கை கேட்டது. உங்கள் கையும் கேட்கும்.

இங்கிரிட் இன்றைக்கும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். "பர்வீன் எப்டி கீறா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவதாகத்தான் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாள். கவனித்திருக்கிறேன்.

போன வருஷம் என் முறை வந்தது. பர்வீன் இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், காகிதப் பை ஒட்டுகிற பிரிவில் இருக்கிறாள். இடையில் எத்தனையோ பேரைப் பெட்டியில் போட்டுப் பழகிவிட்டாள். நான் முறைப்படி தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலியில் அதுவே ஒரு பாடு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கார் கீர் எதுவும் எனக்காகக் காத்திருக்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருக்கத் தயாராக இருந்தேன். கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன்.

பர்வீன் வந்தாள். என் படத்தை உரித்தாள். போட்டாள். கையைத் தட்டினாள். சாப்பாட்டு அறையிலிருந்து முட்டை வாசனை வந்துகொண்டிருந்தது, போய்விட்டாள்.

பக்கத்தில் நின்ற, உங்களைப் போலப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், "டீச்சர், எவ்ளோ அழகா கத்துகினா பாருங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல!" என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். ஆமாம் என்றேன். அது உண்மைதான். ஒரு ஆசிரியைக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. அவளால் இனி யார் போனாலும் தாங்க முடியும்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். இங்கிரிட் அடியில் ஓர் ஓரத்தில், முகம் மேலே தெரியும்படி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லோருக்கும் மேலே, குப்புற விழுந்திருந்தேன். என்னைத் திருப்பி நேராக வைத்துவிட்டு மூடியை மூடினேன்.